பாறைமேல் இரங்கல் கூட்டம்

சேலம்
6 பிப்ரவரி 2025

அன்புள்ள தங்கச்சி புஷ்பலதாவுக்கு,

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். உன் வீட்டில் ஜீவாவின் பதினாறாம் நாள் காரியம் நடந்தபோது என் இரண்டு கன்னத்திலும் கறுப்பாகக் கோடு இறங்கியதே, ஞாபகம் இருக்கிறதா? உன் பெரியம்மா அதைப் பார்த்துவிட்டு, “ஏனுங்க, இந்த அண்ணன் கண்ணே கருகிப்போற அளவுக்கு அழுதிருக்காரு பாருங்க” என்று வந்தவர்களுக்கெல்லாம் என்னைக் காட்டினார். நாலைந்து பேர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். நானும் கையைக் கொடுத்துக்கொண்டு நின்றேன்.

அது துக்கம் இல்லை, தங்கச்சி. தலைச்சாயம். அன்றைக்குச் சாயங்காலம் ஆத்தூரில் எனக்குப் பட்டிமன்றம். காரியத்தை முடித்துவிட்டு அப்படியே மேடைக்குப் போய்விடலாம் என்று விடியும்போதே அவசரமாகப் பூசிக்கொண்டு வந்தேன். வாழவந்திப் பனி என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது. அழுதது உண்மை. நிறம்தான் கடைச்சரக்கு.

இதை இப்போது ஏன் சொல்கிறேன் என்றால், நீ என் நம்பரை பிளாக் செய்துவிட்டாய். என் மனைவி நம்பரில் இருந்து அழைத்தேன், அதையும் செய்துவிட்டாய். கடைசியில் தபால் ஆபீசுக்குப் போய் ஒரு கவர் கேட்டேன். கவுண்டரில் இருந்த பெண், “ஸ்பீடு போஸ்டுங்களா, ரிஜிஸ்டருங்களா?” என்றாள். “வெறும் கடிதம்மா, தங்கச்சிக்கு” என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்து, “சொத்துத் தகராறுங்களா?” என்றாள். பார், கடிதம் எழுதுகிறவன் என்றாலே ஊருக்குச் சந்தேகம்.

ராசிபுரம் மேடையில் நான் பேசிய வீடியோ உனக்கு வந்துவிட்டது என்று பிரபாகர் சொன்னான். அதற்குத்தான் கோபம் என்று தெரியும். நான் என்ன சொல்லிவிட்டேன்? நாலு அரைக்கிழங்கள் மலையேறிய கதையைச் சொன்னேன். ஒவ்வொரு டிசம்பரிலும், கடலோரமாக ஒரு நாள் நடக்கலாம், தரங்கம்பாடிக்குப் போகலாம் என்று பிரகாஷ் ஆரம்பிப்பான். எலெக்ட்ரிகல் கடையை ஒரு நாளுக்கு மேல் மூட மனசு வராது அவனுக்கு. கடைசியில் கொட்டச்சேட்டில் இறங்கி, எஸ்டேட் வழியாக மலையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டே குப்பனூர்ப் பக்கம் நடப்போம். கீழே சமவெளி முழுக்க மேகம் நிரம்பி அலையடிக்கும். சேலத்துக்காரனுக்குக் கடல் அதுதான். எங்கள் பாஷையில் அதற்குப் பெயரே ‘பீச்’. அதைத்தான் மேடையில் சொன்னேன். பிரகாஷுக்கு மூச்சு வாங்கியது, பிரபாகரின் பேண்ட் கிழிந்தது, அட்டை கடித்த இடத்தை நான் யாருக்கும் காட்ட முடியாமல் தவித்தது, காபித் தோட்டம் வைத்திருக்கும் நண்பனே கடையில் டீ வாங்கிக் குடித்தது. டீக்கடையோடு கதையை நிறுத்திவிட்டேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவன் பெயரையும் சொல்லவில்லை.

நடந்ததை உனக்குத் திரும்பவும் சொல்கிறேன். ஜீவா ஓரத்துப் பாறையில் நின்றான். பனி ஈரம், பாசி. கால் வழுக்கிவிட்டது. நாங்கள் மூன்று பேரும் கண்ணால் பார்த்தோம். போலீசிடம் சொன்னதும் அதுதான். வேறு ஒன்றும் இல்லை.

சௌமியாவைக் கேட்டதாகச் சொல். பதில் போடு. திட்டியாவது போடு.

உன் அண்ணன்
ஞானசுந்தரம்

~

வாழவந்தி
17 பிப்ரவரி 2025

ஞானண்ணனுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. சாயம் என்பது எல்லோருக்கும் தெரியும். பெரியம்மாவுக்கும் தெரியும். உங்களைக் காட்டிவிட்டு உள்ளே வந்து, “மயிருச் சாயத்த எழவுக்கு அடிச்சுட்டு வந்திருக்கான் பாரு” என்றுதான் சொன்னார். கையைப் பிடித்தவர்களெல்லாம் சிரிப்பை அடக்கிக்கொண்டு போனார்கள். நானும் அடக்கினேன். என் புருஷனின் காரியத்தன்று எனக்குச் சிரிப்பு வந்தது, அண்ணா. அதை நினைத்து அன்றைக்கு முழுக்கச் சாப்பிடவில்லை.

அதனால்தான் உங்கள் போனை எடுப்பதில்லை. உங்கள் குரலைக் கேட்டால் சிரிப்பு வந்துவிடும். இருபத்தாறு வருஷப் பழக்கம். நீங்கள் “தங்கச்சி” என்று இழுத்த உடனே வாய் தானாகக் கோணிக்கொள்ளும். எழுத்தில் குரல் கேட்காது. எழுதுங்கள்.

வீடியோவை எனக்கு அனுப்பியது சௌமியா. நர்சிங் ஹாஸ்டலில் அவளோடு இருக்கும் பெண்கள் யாரோ காமெடி என்று காட்டினார்களாம். காபித் தோட்டம், கொட்டச்சேடு, டீக்கடை என்று வந்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. சுற்றி எல்லோரும் சிரித்தார்களாம். இவளும் நாலு பேர் பார்க்கிறார்களே என்று சிரித்துவிட்டு, குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாளாம். நீங்கள் டீக்கடையோடு நிறுத்தியது பெரிய தர்மம்தான்.

அவள் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறாள். “அப்பா விழுந்தாரா, விழுந்துக்கிட்டாரா?”

இங்கே ஊரிலும் அதைத்தான் பேசுகிறார்கள். நான் பள்ளிக்கூடத்துச் சத்துணவு வேலைக்குப் போகும் வழியில் குழாயடியில் நிற்கிற பெண்கள், நான் கிட்டே வந்ததும் காய் விலை பேச ஆரம்பிக்கிறார்கள். அவர் இரண்டு வருஷமாக யாரிடமும் பேசாமல் ஒதுங்கி ஒதுங்கிப் போனது எல்லோருக்கும் தெரியும். கல்யாணம் காட்சிக்கு வர மாட்டார். வந்தாலும் ஓரமாக உட்கார்ந்துவிட்டு எழுந்து வந்துவிடுவார். “மனசுக்குள்ள என்னமோ வெச்சிருந்தாப்ல இருக்குதுங்க” என்று என்னிடமே சொல்கிறார்கள்.

பாசியில் வழுக்குவதற்கு அவர் டூரிஸ்ட் இல்லை. பிறந்ததில் இருந்து இந்தப் பாறைகளில் நடந்தவர். மழையில் மிளகுக் கொடி கட்ட ஓக் மரத்தில் ஏறுகிறவர். அவருக்கு வழுக்கியது, உங்கள் மூன்று பேருக்கும் வழுக்கவில்லை. நான் நம்ப வேண்டும்.

போலீசுக்குச் சொன்னதை எனக்குச் சொல்லாதீர்கள். பிரகாஷ் அண்ணன் போனை எடுப்பதே இல்லை. பிரபாகர் அண்ணன் வந்தார், காபி குடித்தார், அழுதார், போய்விட்டார். பேசத் தெரிந்தவர் நீங்கள் ஒருத்தர்தான். பாறையில் என்ன நடந்தது? அவர் கழுத்தில் ஏன் இலை மாலை இருந்தது? “சாமி கும்பிடப் போனாருங்களா?” என்று போலீஸ்காரர் என்னைக் கேட்டார்.

புஷ்பலதா

~

சேலம்
24 பிப்ரவரி 2025

தங்கச்சி புஷ்பலதாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நிகழ்ச்சிகளை ரத்து செய்தேன். அதில் ஒன்று காதுகுத்து. அங்கே என்னைக் கூப்பிட்டதே வருகிறவர்களைச் சாப்பாட்டுப் பந்தி போடும் வரை உட்கார வைக்கத்தான். இருந்தாலும் ரத்து ரத்துதானே.

மாலையைப் பற்றிக் கேட்டாய். சொல்கிறேன். முகம் சுளிக்காமல் படி.

நாங்கள் நாலு பேரும் சேலத்தில் ஹாஸ்டலில் இருந்தபோது எங்கள் வார்டன் இறந்துபோனார். சாம்பாரில் தண்ணீரை ஊற்றச் சொல்லி நின்று பார்த்துவிட்டுப் போகிற மனுஷன். அவரைத் திட்டாமல் நாங்கள் தூங்கியதே இல்லை. இரங்கல் கூட்டத்தில் பார்த்தால் திட்டிய வாயெல்லாம் கண்ணீர். அவரை ‘அன்னதானப் பிரபு’ என்று புகழ்ந்து ஒருத்தன் கவிதை வாசித்தான். கூட்டம் முடிந்து வெளியே வந்ததும் ஜீவா சொன்னான்: “செத்த பின்னாடி பொய் பேசறதுக்கு, உசுரோட இருக்கறப்பவே நெசத்தப் பேசிப்போடலாம்டா.” அவன்தான் சொன்னான். இதைக் குறித்துக்கொள், பிறகு என்னை மட்டும் திட்டாதே.

அதில் இருந்துதான் இது வந்தது. ஒவ்வொரு வருஷமும் ‘பீச்’சுக்குப் போகும்போது ஓரத்துப் பாறையில் எங்களில் ஒருத்தன் ‘காலமானவர்’. வரிசையாக முறை வரும். காலமானவர் பாறையின் விளிம்புக்குப் பக்கத்தில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டும். கழுத்தில் ஓக் இலையைக் கோத்து ஒரு மாலை. திரும்பிப் பார்க்கக் கூடாது, பேசக் கூடாது. முதல் வருஷம் பிரகாஷ் எங்களைப் பார்த்தபடி பிணமாக உட்கார்ந்து கண்ணடித்துக்கொண்டே இருந்தான், யாருக்கும் பேச்சு வரவில்லை. அதில் இருந்துதான் முதுகு. மற்ற மூன்று பேரும் ஆளுக்கு ஐந்து நிமிஷம் இரங்கல் உரை. மனசில் உள்ளதையெல்லாம் கொட்டலாம். கடைசியில் காலமானவரே எழுந்து நின்று நன்றியுரை சொல்லுவார். அதுதான் உச்சம். என்னை ஒரு வருஷம் சாகடித்தபோது பிரபாகர் பேசியதைக் கேட்டு நான் மூன்று நாள் தூங்கவில்லை. நன்றியுரையில் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்பது வேறு விஷயம்.

இது பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் தங்கச்சி, ஆம்பளைகள் ஒருத்தனை ஒருத்தன் பார்த்து “நீ எனக்கு வேண்டியவன்டா” என்று எங்கே சொல்கிறோம்? முதுகைப் பார்த்துத்தான் சொல்ல வரும். திட்டுவதுபோலத் திட்டி, அதில்தான் ஒளித்து வைத்துச் சொல்லுவோம்.

இந்த வருஷம் ஜீவாவின் முறை.

அன்றைக்குக் காலையில் அவன் எங்களுக்கு முன்பே கொட்டச்சேடு டீக்கடையில் இருந்தான். எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்து மூன்று பேர் தோளிலும் அடித்தான். நல்ல வெயில், கீழே மேகம். தோட்டத்தில் பழம் பறிக்கிற பெண்கள் இருந்தார்கள். அதில் ஒரு அம்மாள் என்னைப் பார்த்துவிட்டு, “டிவில வர்றவருங்களா? நேர்ல நொம்ப வயசாத் தெரியறீங்க” என்றது. ஜீவா கொஞ்சம் தள்ளி எங்களுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தான். நான் திரும்பி அவனுக்கு அதைச் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

என் ஜோக்குக்கு அவனைப்போல ஒரு ரசிகன் கிடையாது. நான் பேச ஆரம்பித்தால் கண்ணை எடுக்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். ஒரு சொல்லைத் தவறவிட மாட்டான். மற்றவர்கள் படபடவென்று சிரித்து முடிந்த பிறகு, நிதானமாக ஒரு சிரிப்பு சிரிப்பான் பார். ஆயிரம் பேர் கைதட்டினாலும் எனக்கு அதுபோல் வராது.

பாறையிலும் அப்படித்தான். பிரகாஷ் பேசினான், பிரபாகர் பேசினான், கடைசியில் நான். என் பேச்சு முடிகிறபோது அவன் தோள் இரண்டும் குலுங்கின. சிரிப்பை அடக்க முடியாமல் குலுங்கின. சரி, நன்றியுரை சொல்ல எழுந்தான். சிரித்துக்கொண்டே எழுந்ததில் நிதானம் தவறிவிட்டது. பிறந்ததில் இருந்து பாறையில் நடந்தவனுக்கும் சிரிப்பு வந்தால் கால் கட்டுப்படாது, தங்கச்சி.

சாக நினைக்கிறவனுக்குத் தோள் குலுங்கச் சிரிப்பு வருமா? இதை சௌமியாவிடம் சொல். அப்பா சிரித்துக்கொண்டே போனார் என்று சொல். நான் முப்பது வருஷமாக மனிதர்களைச் சிரிக்க வைத்துப் பிழைக்கிறவன். பின்னால் இருந்து பார்த்தாலும் சிரிப்பு எது என்று எனக்குத் தெரியும்.

அண்ணன்
ஞானசுந்தரம்

~

வாழவந்தி
9 மார்ச் 2025

ஞானண்ணனுக்கு,

மிளகு பறிப்பு நடக்கிறது. அதனால் தாமதம். இரண்டு ஆள்தான் கிடைத்தார்கள், மூன்றாவது ஆள் நான். ஏணியில் நின்றுகொண்டு உங்கள் கடிதத்தை மனசுக்குள் திரும்பத் திரும்பப் படித்தேன். ஒரு கொடியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டேன்.

இருபத்தாறு வருஷமாக வருஷத்துக்கு ஒரு நாள் சோறு கட்டிக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். புளிச்சோறு, உருளைக்கிழங்கு, உங்களுக்குத் தனியாக ஊறுகாய். நீங்கள் போய் என் புருஷனைப் பிணமாக உட்கார வைத்து விளையாடியிருக்கிறீர்கள். அவர் என்னிடம் இதை ஒரு நாளும் சொன்னதில்லை. “என்னங்க பண்ணுவீங்க அங்க போயி?” என்று கேட்டால், “சும்மா பேசிட்டிருப்போம் புஷ்பா” என்பார்.

நீங்கள் எழுதியதில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. பிரபாகர் அண்ணன் வீட்டுத் தனலட்சுமி போன ஞாயிற்றுக்கிழமை சந்தையில் என்னைப் பார்த்தாள். பாவம், உளறிவிட்டாள். “கண்ண மூடிட்டு நின்னாங்களாமா அக்கா, தொறந்து பாத்தா ஆளக் காணமாமா” என்றாள். “நான் சொன்னேன்னு சொல்லிராதீங்கக்கா” என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஏன் கண்ணை மூடினீர்கள்? மூடிக்கொண்டு நின்றவர்கள் அவர் எழுந்ததை எப்படிப் பார்த்தீர்கள்? சிரித்துக்கொண்டே எழுந்தார் என்று எனக்கு எழுதியிருக்கிறீர்கள். அவர் எழுந்ததை நீங்கள் பார்த்தீர்களா, இல்லையா?

இன்னொன்று. பிரகாஷ் அண்ணன் பேசியதைச் சொல்லவில்லை, பிரபாகர் அண்ணன் பேசியதைச் சொல்லவில்லை, பரவாயில்லை. உங்கள் பேச்சைச் சொல்லவில்லையே. எந்த மேடையில் என்ன ஜோக் சொன்னீர்கள், யார் யார் சிரித்தார்கள் என்று எனக்கு மணிக்கணக்காகச் சொன்னவர் நீங்கள். என் புருஷன் கடைசியாகக் கேட்ட பேச்சு உங்களுடையது. அதை மட்டும் எழுத உங்களுக்குக் கை வரவில்லை. அப்படி என்றால் அது சிரிக்கிற பேச்சாக இருந்திருக்காது.

அவர் ஏற்கெனவே நொந்துபோயிருந்தார். சாயங்காலமானால் தோட்டத்துக் கடைசியில் போய்த் தனியாக உட்கார்ந்துகொள்வார். கூப்பிடப் போனால் என்னைப் பார்த்ததும் முகத்தைத் துடைத்துக்கொள்வார். அந்த மனுஷனிடம் நீங்கள் என்ன சொன்னீர்கள்?

சௌமியாவுக்கு நான் இன்னும் எதையும் சொல்லவில்லை. நீங்கள் சொல்லும் பதிலை வைத்துத்தான் அவளிடம் பேச வேண்டும். வேடிக்கையாக எழுதாதீர்கள். உங்களால் முடியாது என்று தெரியும். முயற்சியாவது செய்யுங்கள்.

புஷ்பலதா

~

சேலம்
15 மார்ச் 2025

புஷ்பலதாவுக்கு,

இதோடு நான்காவது தாளைக் கிழித்துவிட்டேன். வேடிக்கை இல்லாமல் எழுத உட்கார்ந்தால் எனக்கு ஒரு வாக்கியம்கூட முடிய மாட்டேன் என்கிறது. கால் இல்லாத நாற்காலி மாதிரி இருக்கிறது. பார், இதுவே ஒரு ஜோக். விட்டுவிடு.

கண்ணை மூடியது மௌன அஞ்சலிக்கு. பேச்செல்லாம் முடிந்ததும் ஒரு நிமிஷம் எழுந்து நின்று கண்ணை மூடுவோம். அது முடிந்ததும்தான் நன்றியுரை. வழக்கமாக அந்த ஒரு நிமிஷத்தில் யாராவது களுக்கென்று சிரித்துவிடுவோம், அரை நிமிஷத்தில் கலைந்துவிடும். இந்த வருஷம் யாரும் சிரிக்கவில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

ஆகையால் நான் பார்க்கவில்லை. பிரகாஷ் பார்க்கவில்லை. பிரபாகர் பார்க்கவில்லை. போலீசிடம் பார்த்தோம் என்று சொன்னது நான் சொல்லிக்கொடுத்தது. கண்ணை மூடிக்கொண்டு நின்றோம் என்று எந்த இன்ஸ்பெக்டரிடம் சொல்லுவது? கல் உருண்ட மாதிரி ஒரு சத்தம் கேட்டது. குரங்கு என்று நினைத்தேன். கண்ணைத் திறந்தால் பாறை வெறுமையாக இருந்தது.

அப்போது நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? கைதட்டினோம். மூன்று பேரும். பாறைக்குக் கீழே ஏதோ இடுக்கில் ஒளிந்துகொண்டு எங்களை ஏமாற்றுகிறான் என்று நினைத்தோம். “டேய், நன்றியுரை எங்கடா?” என்று பிரகாஷ் கத்தினான். நான் அந்த வெறும் பாறையைப் பார்த்து, “காலமானவர் சீக்கிரமே கிளம்பிட்டாருங்க, அடுத்த பஸ்ஸுக்கு நேரமாச்சாம்” என்றேன். அதற்கும் சிரித்தார்கள். பிரபாகர்தான் விளிம்பு வரைக்கும் போய் எட்டிப் பார்த்தான். பார்த்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். பழம் பறித்துக்கொண்டிருந்தவர்கள்தான் கம்பளியில் வைத்துத் தூக்கி வந்தார்கள்.

என் பேச்சைப் பற்றிக் கேட்டாய்.

ஆரம்பத்தில் வழக்கம்போலத்தான் இருந்தது. காபித் தோட்டக்காரன் டீ குடிப்பது, உன்னைப் பெண் பார்க்க வந்தபோது உன் தங்கையைப் பெண் என்று நினைத்துப் பூக்கொடுக்கப் போனது, இதெல்லாம். நான்கு வருஷத்துக்கு முன்னாலும் இதையே சொன்னேன். ஆனால் எனக்கு அவன்மேல் கோபம் இருந்தது, புஷ்பா. இரண்டு வருஷமாக அவன் என்னோடு சரியாகப் பேசவில்லை. போன் செய்தால் எடுக்க மாட்டான். மெசேஜ் போட்டால் மட்டும் பதில் வரும். என் மகள் கல்யாணத்துக்கு வந்தான், பந்தியில் நான் பின்னால் இருந்து நாலு தடவை கூப்பிட்டேன், திரும்பவே இல்லை. சம்பந்தி வீட்டார் முன்னால் எனக்கு அவமானமாகப் போய்விட்டது. என்னைவிட்டு விலகப் பார்க்கிறான் என்று நினைத்தேன். மேடைக்காரனாகிவிட்டேன், டிவியில் வருகிறேன், அது அவனுக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்றுகூட நினைத்தேன். அந்த அளவுக்கு என் புத்தி.

அதனால் கடைசியில் இப்படிச் சொன்னேன். ஒரு வார்த்தையும் மாற்றாமல் எழுதுகிறேன்.

“பெரியோர்களே, அண்ணன் ஜீவானந்தம் இன்றைக்குத்தான் காலமானார் என்று யாரும் நினைக்க வேண்டாம். இரண்டு வருஷமாகவே ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். கூப்பிட்டால் திரும்ப மாட்டார். கேட்டால் பதில் சொல்ல மாட்டார். கூட்டத்தில் உட்கார வைத்தால் படம் மாதிரி உட்கார்ந்திருப்பார், மாலை ஒன்றுதான் பாக்கி, அதையும் இன்றைக்குப் போட்டுவிட்டோம். அவர் போனதால் யாருக்கும் எந்தக் குறையும் இல்லை. இருந்தபோது இருந்த மாதிரியே, இல்லாதபோதும் இருக்கிறது.”

பிரகாஷ் சிரிக்கவில்லை. “டேய், போதும்டா” என்றான் மெதுவாக. அதனால்தான் மௌன அஞ்சலியில் யாரும் களுக்கென்று சிரிக்கவில்லை. நான் கண்ணை மூடும் முன்னால் அவன் முதுகைப் பார்த்தேன். தோள் குலுங்கியது. அது மட்டும் பொய் இல்லை. நான் பார்த்தேன்.

அப்போது அதைச் சிரிப்பு என்றுதான் எடுத்துக்கொண்டேன். அப்பாடா, நல்லபடியாக எடுத்துக்கொண்டான் என்று எனக்கு நிம்மதிகூட வந்தது. இத்தனை நாளும் அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறேன். அவன் சிரித்தான். அது எனக்குத் தெரியும். ஆனால் விடியற்காலையில் முழிப்பு வந்தால், அவன் சிரிக்கவில்லையோ, நான் சொன்ன அந்தக் கடைசி வாக்கியம் போய் அவன் முதுகில் தைத்துத்தான் அவன் எழுந்தானோ என்று வருகிறது. அவனைக் கொன்றது பாசி இல்லை, என் வாய் என்று வருகிறது. யாருக்கும் குறை இல்லை என்று ஒருத்தனிடம் சொன்னால் அவன் என்ன செய்வான்?

மேடையை நிறுத்திவிட்டேன். உடம்பு சரியில்லை என்று எல்லோரிடமும் சொல்கிறேன். நேற்று ஒருத்தர் வீட்டுக்கே வந்து, “நீங்க சும்மா வந்து உக்காந்தாலே ஜனம் சிரிக்குமுங்க” என்றார். கதவைச் சாத்திவிட்டேன்.

நீ என்ன வேண்டுமானாலும் சொல். சௌமியாவிடம் என்ன வேண்டுமானாலும் சொல். ஆனால் அப்பா சிரித்தார் என்பதை மட்டும் அவளிடம் சொல்லிவிடு. அது ஒன்றுதான் என்னிடம் மிச்சம்.

ஞானசுந்தரம்

~

வாழவந்தி
2 ஏப்ரல் 2025

ஞானண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை சௌமியாவிடம் கொடுத்தேன். விடுமுறைக்கு வந்திருக்கிறாள். முழுவதும் படித்தாள். உங்கள் பேச்சை இரண்டு தடவை படித்தாள். அழவில்லை. “சிரிச்சாருன்னு மாமா பாத்திருக்காரு இல்லம்மா?” என்று கேட்டாள். ஆமாம் கண்ணு என்றேன். அன்றைக்கு இரண்டு வாய் கூடச் சாப்பிட்டாள். அதை அவளிடம் அப்படியே விட்டுவைத்திருக்கிறேன்.

உங்களிடம் அப்படி விட எனக்கு மனசு வரவில்லை. அவளிடம் சொல்லாததை உங்களுக்குச் சொல்கிறேன்.

அவருக்கு இரண்டு வருஷமாகக் காது கேட்காது. முதலில் இடது, அப்புறம் வலது. சேலத்தில் டாக்டரிடம் காட்டி மெஷின் வாங்கினோம். அது இருந்தால் கேட்கும். இல்லை என்றால் எதிரில் நின்று முகத்தைப் பார்த்துப் பேசினால் உதட்டை வைத்துப் பாதி புரிந்துகொள்வார். முதுகுப் பக்கம் பட்டாசு வெடித்தாலும் தெரியாது. ஊரில் யாருக்கும் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். சௌமியாவுக்கும் தெரியாது. எல்லோரையும்விட உங்களுக்குத் தெரியக் கூடாது என்பார். “ஞானத்துக்குத் தெரிஞ்சா அடுத்த மேடையில என்னைய வறுத்துப்போடுவான் புஷ்பா.” சிரித்துக்கொண்டுதான் சொல்லுவார்.

அன்றைக்குக் காலையில் மாட்டிக்கொண்டுதான் கிளம்பினார். நான் பார்த்தேன். அதனால்தான் என்ன பேசினீர்கள் என்று உங்களை விடாமல் கேட்டேன். அவர் உடம்போடு மெஷின் வரவில்லை. பள்ளத்தில் விழுந்தபோது எங்கேயோ தெறித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

கொட்டச்சேடு டீக்கடையில் அன்றைக்கு அவர் நிறுத்திவிட்டுப் போன வண்டி இத்தனை நாளும் கொட்டகையில் சும்மா நின்றது. நேற்று என் தம்பி விஜயகுமார் அதைத் துடைத்து ஓட்டிப் பார்க்க எடுத்தான். பக்கத்துப் பெட்டியைத் திறந்தால், மழைக்கோட்டுக்கு அடியில் ஒரு சின்ன டப்பா. உள்ளே பஞ்சு வைத்திருந்தார். ரொம்ப நாளாக வைத்து எடுத்து வைத்து எடுத்துப் பஞ்சு அழுக்காகி, பள்ளம் விழுந்திருந்தது.

மெஷின் ஒரு ஜோடி. இரண்டும் அதற்குள் இருந்தன.

புஷ்பலதா